சிந்துபாத் போகாத கடல்

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' வந்தபோது, குரோம்பேட்டை வெற்றி தியேட்டருக்குச் சித்தி பையனைக் கூட்டிப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கிறான். நோட்டு முழுக்கப் படம்தான், பாடம் ஓரத்தில் கொஞ்சம் இருக்கும். வாசலில் பச்சை-கறுப்புக் கட்டம் போட்ட அங்கியில் நாலைந்து பையன்கள் நின்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஜப்பானியப் பேய் வேட்டைக்காரர்கள் சுத்தமான தமிழில் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் விசில்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டான்: "ஏண்ணா, இந்த மாதிரி நம்ம ஊர்ல எடுக்கவே மாட்டாங்களா?"

"எடுத்தாங்கடா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்தாங்க. அமெரிக்காவுல ரிலீஸே பண்ணாங்க."

"எங்க? இங்கயா? மெட்ராஸ்லயா?"

"கோடம்பாக்கத்துல."

என்னை அவன் நம்பவில்லை. போனில் காட்டலாம் என்று 'சிந்துபாத் அனிமேஷன்' என்று தேடினால் வேறொரு படம் வந்தது. ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனி 2003-ல் எடுத்த சிந்துபாத். நான் சொன்னது அதுவல்ல. அன்று அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான், கொஞ்சம் நீளமாக.

*

தமிழ் வாசகனுக்குச் சிந்துபாத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'தினத்தந்தி'யில் 1960-ல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையில் தினமும் இரண்டு மூன்று கட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறவர். எதுவும் முடியாமல் இழுத்தால் "என்னப்பா, கன்னித்தீவு மாதிரி போகுது" என்று சொல்கிற அளவுக்கு நம்ம ஆள்.

அந்தச் சிந்துபாத்தைக் கணினியில் நடக்க வைக்கும் வேலையை 1990-களின் கடைசியில் எடுத்துக்கொண்டது சென்னையின் பென்டாஃபோர் சாஃப்ட்வேர் அண்டு எக்ஸ்போர்ட்ஸ். பெயரிலேயே ஏற்றுமதி இருக்கிறது, கவனியுங்கள். வி. சந்திரசேகரன் தொடங்கிய நிறுவனம்; பிறகு பென்டாமீடியா கிராஃபிக்ஸ் என்று பெயர் மாறியது. படத்தின் பெயர் 'சின்பாத்: பியாண்ட் த வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்'. எவன் ரிக்ஸ், ஆலன் ஜேக்கப்ஸ் இருவரும் இயக்கினார்கள். சிந்துபாத்துக்குக் குரல் கொடுத்தவர் பிரெண்டன் ஃப்ரேசர், 'த மம்மி' ஓடி முடிந்த சூட்டோடு. கூடவே 'ஸ்டார் ட்ரெக்' லியோனார்ட் நிமாய், 'ஸ்டார் வார்ஸ்' மார்க் ஹாமில், 'இண்டியானா ஜோன்ஸ்' படங்களில் வந்த ஜான் ரைஸ்-டேவிஸ்.

முழுக்க முழுக்க மோஷன் கேப்சர் முறையில் உருவான முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று சினிமா வரலாற்றில் குறிப்பிடப்படுவது இதுதான். நடிகர்கள் லாஸ் ஏஞ்சலஸில் உடம்பெல்லாம் குட்டிக் குட்டி மணிகளை ஒட்டிக்கொண்டு நடித்தார்கள். கேமராக்கள் அந்த மணிகளின் நகர்வை மட்டும் பதிந்துகொண்டன. அந்தப் புள்ளிகள் சென்னைக்கு வந்தன. இங்கே இருந்தவர்கள்தான் அவற்றுக்குச் சதை, துணி, கடல், கப்பல், வெளிச்சம் எல்லாம் கொடுத்தார்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் பதிவான அசைவு அப்படியே பயன்படாது. ஒரு கை இன்னொரு கையை மறைத்தால் புள்ளி காணாமல் போகும், கால் தரையில் வழுக்கும், விரலே இருக்காது. எல்லாவற்றையும் ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். எண்பது நிமிடப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் 1,15,200 சட்டகங்கள்.

'ஃபைனல் ஃபேன்டஸி' திரைப்படம் 2001-லும் 'த போலார் எக்ஸ்பிரஸ்' 2004-லும்தான் வந்தன. அதற்கெல்லாம் முன்னால் கோடம்பாக்கத்து மின்சாரத்தில் ஓடிய கணினிகள் இதைச் செய்து முடித்துவிட்டன.

2000 பிப்ரவரி 18 அன்று படம் அமெரிக்காவில் வெளியானது. ஒரு வாரம் முன்னால்தான் டிஸ்னியின் 'த டிக்கர் மூவி' ஆயிரக்கணக்கான திரையரங்குகளில் இறங்கியிருந்தது. சிந்துபாத்துக்குக் கிடைத்தது கைவிரல்விட்டு எண்ணுகிற மாதிரியான 'லிமிடெட் ரிலீஸ்'. செலவு சுமார் 2 கோடி டாலர் என்று சொல்லப்படுகிறது. அமெரிக்கத் தியேட்டர் வசூலாகப் பதிவாகியிருப்பது 30,000 டாலருக்கும் கீழே.

டாலரையும் கோடியையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல்வி என்ற சொல் இதற்குப் போதாது. படம் கடலில் இறங்கவே இல்லை.

*

ஏன்?

படம் சுமார் என்பது முதல் பதில். அதை மறைக்கக் கூடாது. முகங்கள் மெழுகு மாதிரி இருக்கும், கண்ணில் உயிர் கம்மி. மனிதனைப் போலவே இருந்தும் மனிதனாக இல்லாத உருவம் நம்மை உறுத்தும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார். அந்தப் பள்ளத்தில் சிந்துபாத் நன்றாகவே விழுந்தார். ஆனால் சுமாரான படங்கள் அமெரிக்காவில் ஆயிரம் தியேட்டரில் ஓடியிருக்கின்றன. அதனால் இந்தப் பதில் பாதிதான்.

மீதிப் பாதி, படத்தை எடுத்தவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இருக்கிறவர். விநியோகஸ்தர்.

நம்ம ஊரில் பிறந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. தமிழ் சினிமா வியாபாரத்துக்கு ஒரு தனி வரைபடம் உண்டு. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, வடஆற்காடு-தென்னாற்காடு, கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-கன்னியாகுமரி. தாம்பரத்தில் பிறந்த நான் சென்னைக்காரன் என்றுதான் நினைத்து வளர்ந்தேன். சினிமாக்காரர்களைக் கேட்டால் நான் 'செங்கல்பட்டு ஏரியா'. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. இதற்கெல்லாம் பல வருஷம் முன்பே விநியோகஸ்தர்கள் எங்களைப் பிரித்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஆள் இருப்பார். எந்தத் தியேட்டரில் எந்தக் கிழமை கூட்டம் வரும், எந்த ஓனர் பாக்கி வைப்பார் என்பது அவருக்குத் தெரியும். எம்.ஜி. என்ற மினிமம் கேரண்டியா, அட்வான்ஸா, கமிஷனா என்று பேசி முடிப்பார். படத்தின் தலையெழுத்தில் ஒரு பங்கு அந்தப் பேச்சில் எழுதப்படும்.

இந்த வரைபடத்தின் கடைசிக் கட்டம்தான் எஃப்.எம்.எஸ். ஃபாரின், மலேசியா, சிங்கப்பூர். 'வெளிநாட்டு உரிமை' என்று போஸ்டரிலும் பேட்டியிலும் வருகிற சமாச்சாரம் இதுதான். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும், பிற்பாடு டொராண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தமிழர்கள் இருக்கிற இடத்துக்குப் பெட்டி போய்ச் சேரும் பாதை. சென்னைக்கு ஏற்றுமதி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவில் போட்ட பாதை. அதில் ஆங்கிலம் பேசும் சிந்துபாத் போக முடியாது. அவருக்கு வேண்டியது ஒஹாயோவில் இருக்கும் எட்டு வயசுப் பிள்ளையும், அதைச் சனிக்கிழமை காரில் கூட்டிவரும் அம்மாவும். அந்த வீட்டுக்கு வழி தெரிந்த ஒருவர்கூட நம்மிடம் இல்லை.

வழி தெரிந்தவரிடம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் படத்தை வெளியிட்டது டிரைமார்க் பிக்சர்ஸ். சின்ன நிறுவனம், வீடியோ கடை வியாபாரத்தில்தான் அதற்குப் பலம். அப்போதெல்லாம் ஃபிலிம் பிரிண்ட். ஒவ்வொரு தியேட்டருக்கும் ஒரு பிரிண்ட் போட வேண்டும், டிவியில் விளம்பரம் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் இதற்குப் பெரும் பணம் கொட்டும். சின்னக் கம்பெனி அப்படிச் செய்யாது. நாலு தியேட்டரில் போட்டு, 'தியேட்டரில் வந்த படம்' என்று பெட்டி மேலே அச்சடித்து, கேசட்டாக விற்பதுதான் அதற்கு லாபம். அது சதி கிடையாது, கணக்கு. அந்தக் கணக்கில் விநியோகஸ்தருக்குச் சேதாரம் குறைவு. 2 கோடி டாலர் போட்டவருக்குத்தான் எல்லாமும்.

இன்னொரு விஷயம். அதே 2000-ல் டிரைமார்க்கை லயன்ஸ்கேட் வாங்கிவிட்டது. படத்தைத் தோளில் தூக்கியவரே சில மாதங்களில் இன்னொருவர் வீட்டுக்குள் போய்விட்டார். இப்படிக் கைமாறும் நூற்றுக்கணக்கான தலைப்புகளில் ஒன்றுக்காகச் சண்டை போட யார் இருப்பார்கள்?

*

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே மெப்ஸ். 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். காலையில் கேட்டுக்குள் போகும் கூட்டத்தைப் பார்த்தே நாங்கள் மணி சொல்லுவோம். அங்கே தைப்பதும் பூட்டுவதும் கப்பலேறிப் போகும். தைத்தவர் அதைக் கடையில் பார்க்க மாட்டார். அதன் விலையும் அவருக்குத் தெரியாது. சின்ன வயசில் எனக்கு இது விசித்திரமாகவே பட்டதில்லை. எல்லா வேலையும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

அனிமேஷனும் அப்படித்தான் சென்னைக்கு வந்தது. கூலிக்கு வரைந்து கொடுப்பது. பென்டாமீடியா அதிலிருந்து மேலே ஏற ஆசைப்பட்டது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். சொந்தக் கதை, சொந்தப் படம், சொந்த உரிமை. உஷா கணேசராஜா இயக்கிய 'பாண்டவாஸ்: த ஃபைவ் வாரியர்ஸ்' வந்தது. மகாபாரதம், ஆங்கிலத்தில். 48-வது தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படமாகத் தேர்வானது. அனிமேஷனுக்கு என்று ஒதுக்கிய பரிசு அல்ல. சிறந்த ஆங்கிலக் கதைப் படத்துக்கான விருதை ஒரு கணினிப் படம் வாங்கியது.

பிறகு 'த லெஜண்ட் ஆஃப் புத்தா' 2004-ல். 'கலிவர்ஸ் டிராவல்' 2005-ல். இவை இரண்டைப் பற்றியும் ஒரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆஸ்கரில் அனிமேஷன் படத்துக்குத் தனிப் பரிசு 2001-ம் வருடப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அப்போதெல்லாம் போட்டியில் சேர லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு தியேட்டரில் ஏழு நாள் ஓடியிருக்க வேண்டியிருந்தது. 2004-ல் தகுதி பெற்ற 11 படங்களின் பட்டியலில் 'த இன்கிரெடிபிள்ஸ்', 'ஷ்ரெக் 2' பெயர்களோடு நம்ம புத்தர் இருக்கிறார். அடுத்த வருடம் 10 படங்களில் மியாசாகியின் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' பக்கத்தில் கலிவர். இறுதிச் சுற்றுக்கு இரண்டுமே போகவில்லை. போயிருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் யாரோ அந்த ஏழு நாளுக்கு அலைந்திருக்கிறார்கள். ஏழு நாள் தியேட்டர் பிடிக்க முடிந்தது. எட்டாவது நாளுக்கு ஆள் இல்லை.

பென்டாமீடியாவுக்கு இது புரியாமல் இல்லை. 2001-ல் ஃபிலிம் ரோமன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்க ஒப்பந்தம் பேசியது. 'த சிம்ப்சன்ஸ்' தொடருக்கு அனிமேஷன் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. வாங்கியிருந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குள்ளேயே ஒரு கால் இருந்திருக்கும். அது நிறைவேறாமலே முடிந்தது. அந்த வருடம் நேரமும் சரியில்லை. டாட்காம் குமிழி உடைந்திருந்தது. மார்ச் 2001-ல் பங்குச்சந்தை சரிந்தது. தரகர் கேதன் பாரேக் பெயரோடு சேர்த்துப் பத்திரிகைகள் 'கே-10' என்று அழைத்த பங்குகளில் பென்டாமீடியாவும் ஒன்று. பங்கு விலை இறங்கியது, கூடவே பெரிய கனவுக்கான காசும்.

இதில் எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தெரிவது வேறு. ஈ.சி.ஆரில் கானத்தூர் மாயாஜால் இருக்கிறதே, நாமெல்லாம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியாக வண்டியில் போவோமே, அதுவும் பென்டாமீடியா குடும்பத்து நிறுவனம்தான். ஆக, ஒரு முனையில் படம் எடுக்கும் கணினி இருந்தது. இன்னொரு முனையில் படம் காட்டும் திரையும் இருந்தது. நடுவில் இருக்கும் அந்த ஒன்றுதான் இல்லை. கானத்தூரில் சொந்தத் திரை இருந்தால் தென் சென்னைக்குக் காட்டலாம். உலகத்துக்குக் காட்ட முடியாது.

*

இது நமக்கு மட்டும் நடந்தது என்று அழ வேண்டாம். பெரிய ஆட்களும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

'ஸ்னோ ஒயிட்' எடுத்த டிஸ்னியே அந்தப் படத்தை ஆர்.கே.ஓ. என்ற வேறொரு கம்பெனி மூலமாகத்தான் வெளியிட்டார். 1953-ல் 'த லிவிங் டெசர்ட்' என்ற ஆவணப்படத்தில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்றதும், புவேனா விஸ்டா என்று சொந்த விநியோக நிறுவனம் தொடங்கினார்கள். இன்று நாம் டிஸ்னி என்று சொல்லும் சாம்ராஜ்யத்தின் ஒரு பாதி எலிக்குட்டி; மறுபாதி அந்த முடிவு.

பிக்சார் 1991-ல் டிஸ்னியோடு போட்ட ஒப்பந்தப்படி 'டாய் ஸ்டோரி' பாத்திரங்களே டிஸ்னிக்குத்தான் சொந்தம். 1995-ல் படம் ஓடிய ஓட்டத்தைக் காட்டித்தான் 1997-ல் சரிபாதி என்று புது ஒப்பந்தம் பேச முடிந்தது.

ஜப்பான் கதை நமக்கு இன்னும் பக்கம். 1956-ல் தோஎய் நிறுவனம் அனிமேஷனுக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோதே 'கிழக்கின் டிஸ்னி' ஆவதுதான் கனவு. 1958-ல் வந்த அவர்களின் முதல் வண்ணப்படம் 1961-ல் அமெரிக்காவுக்குப் போனது, பெயர் மாறி. மியாசாகியின் 'நௌசிகா' 1985-ல் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டப்பட்டு 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்று வந்தது. அந்தக் காயத்துக்குப் பிறகு கிப்லி ஸ்டூடியோ வெட்டுக்குச் சம்மதிக்கவே இல்லை. 1996-ல் டிஸ்னியோடு ஒப்பந்தம் வந்தபோதும் அதே பிடிவாதம். 'பிரின்சஸ் மோனோனோக்கே'யை அமெரிக்காவில் வெளியிட இருந்தவரிடம் தயாரிப்பாளர் சுஸுகி ஒரு ஜப்பானிய வாளைக் கொடுத்து "வெட்டக் கூடாது" என்று சொன்ன கதை பிரபலம்.

அங்கிருந்து நம்ம குரோம்பேட்டைக்கு வாருங்கள். 'டீமன் ஸ்லேயர்' தயாரிப்பில் இருக்கும் அனிப்ளெக்ஸ், சோனிக்குச் சொந்தம். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோகும் கிரஞ்சிரோலை 2021-ல் 117.5 கோடி டாலருக்கு வாங்கியதும் சோனிதான். தியேட்டரில் இறக்கியதும் சோனியின் கைதான். 2006-ல் ரசிகர்கள் அனுமதியில்லாமல் படங்களை ஏற்றிய தளமாகத் தொடங்கியது கிரஞ்சிரோல். இன்று அதுவே ராஜபாட்டை. ஜப்பானில் வரைந்த பேய், செங்கல்பட்டு ஏரியாவில் தமிழ் பேசுகிறது என்றால் காரணம் படம் நன்றாக இருப்பது மட்டுமில்லை. கடை, வண்டி, ரோடு மூன்றும் ஒரே வீட்டில் இருக்கின்றன. தமிழில் டப் செய்தால் இங்கே கூட்டம் வரும் என்று கணக்குப் போட ஒரு ஆள் அங்கே சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்.

எதிர்த் திசையில் நமக்கும் அப்படி ஒருமுறை நடந்தது. ஜப்பானிய விமர்சகர் எடோகி ஜுன் சிங்கப்பூரில் 'முத்து' படத்தைப் பார்த்து மயங்கி, தன் ஊரில் வெளியிட ஏற்பாடு செய்ய, 1998-ல் டோக்கியோவில் ரஜினி மாதக்கணக்கில் ஓடினார். எஃப்.எம்.எஸ். பாதையில் போன பெட்டி, யாரும் திட்டமிடாமல் ஒரு ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டது. அனிமேஷனில் நமக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. 2007-ல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' நேரடியாகத் தமிழிலேயே வந்தது. 2014-ல் 'கோச்சடையான்' மோஷன் கேப்சரில் வந்தது; ஈராஸ் மாதிரி பெரிய விநியோக நிறுவனம் பின்னால் இருந்ததால் பல நாடுகளில் ஒரே நாளில் இறங்கியது. ஆனால் அங்கே போனது அனிமேஷன் இல்லை, ரஜினி. அந்தப் பாதை ஏற்கெனவே அவருக்காகப் போட்டது.

விநியோகம் இருந்தால் எல்லாம் ஜெயிக்கும் என்றும் சொல்லவில்லை. போனில் முதலில் வந்த ட்ரீம்வொர்க்ஸ் சிந்துபாத்துக்கு உலகத்திலேயே பெரிய வண்டி இருந்தது. அதுவும் பெரும் நஷ்டம்தான். ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. அது தோற்றும்கூட இன்றைக்குத் தேடினால் கிடைக்கிறது. நம்முடையது அதன் பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. சரியான விநியோகம் ஒரு படத்துக்குத் தோற்கிற உரிமையையாவது கொடுக்கும். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அதுகூட இல்லாமல்தான் போச்சு.

*

இரண்டு வாரம் கழித்துச் சித்தி பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். வீட்டில் அவனை இன்ஜினியரிங் சேரச் சொல்கிறார்கள். அவன் அனிமேஷன் கோர்ஸ் என்கிறான். நான் எந்தப் பக்கம் என்று சித்தி வேறு போன் பண்ணிக் கேட்டாள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்தப் புள்ளியெல்லாம் திருத்துனவங்க இப்ப எங்கண்ணா இருப்பாங்க?"

இந்த ஊரில்தான் எங்காவது இருப்பார்கள். ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ ஈ.எம்.ஐ. கட்டி முடித்த வீட்டில் இருக்கலாம். அவர்கள் பிள்ளைகளும் பச்சைக் கட்டம் போட்ட அங்கி கேட்டிருக்கலாம். உலகத்தில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தவர்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்குமா?

"சேரு" என்றேன். "நல்லா வரை. ஆனா உன் படத்தை யாராவது வாங்க வந்தா, எவ்ளோ தருவீங்கன்னு முதல்ல கேக்காத. எங்க எங்க கொண்டுபோவீங்க, எத்தனை வருஷத்துக்கு, கொண்டுபோகலைன்னா எனக்கே திருப்பித் தருவீங்களான்னு கேளு. அதை எழுதி வாங்கு."

நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டான். பக்கத்திலேயே ஒரு கப்பலும் வரைந்தான்.